மெனுவா, ரிப்பனா, தேடலா: நாள் முழுதும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு எது பொருந்தும்?

ஒரு மென்பொருளில் இருபது கட்டளைகள் இருக்கும்வரை அவற்றை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாகத் தெரிவதில்லை. சாளரத்தின் மேற்பகுதியில் பொத்தான்களை ஒரு வரிசையாக அடுக்கினாலே போதும். கட்டளைகள் நூறைத் தாண்டி, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கேட்டதெல்லாம் சேர்ந்து, புதிய பதிப்பில் எதையும் நீக்க முடியாத நிலை வரும்போதுதான், முகப்பை எந்த முறையில் அமைப்பது என்று முடிவெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. இன்று பெரும்பாலான குழுக்களின் முன் இருப்பவை நான்கு வழிகள்: பழைய மெனுப்பட்டையும் பொத்தான்கள் வரிசையாக நிற்கும் கருவிப்பட்டையும், பொத்தான்களைத் தாவல்களாகப் பிரித்து மேலே அகலமாகப் பரப்பிவைக்கும் ரிப்பன், எல்லாவற்றையும் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் அடக்குவது, பெயரைத் தட்டச்சு செய்து கட்டளையைத் தேடுவது. கைப்பேசிச் செயலிகளின் கணக்கே வேறு என்பதால், கணினித் திரையில் விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு நாள் முழுதும் பயன்படுத்தப்படும் கணக்கு, பில், ஆவணம், பக்க வடிவமைப்பு போன்ற மென்பொருள்களை மட்டும் மனத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறிய, நடுத்தர அளவிலான மென்பொருள்களுக்கு மெனுப்பட்டையே அடித்தளமாக இருக்க வேண்டும். அதன் கீழே, பெயர் எழுதப்பட்ட சில பொத்தான்கள் மட்டும் கொண்ட, இடம் மாறாத ஒரு கருவிப்பட்டை போதும். கட்டளைத் தேடல் இவற்றுக்குத் துணையாக வர வேண்டுமே தவிர, இவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. ரிப்பன் சில வகை மென்பொருள்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது என்றாலும், அந்த வகைகள் பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

மெனுப்பட்டை, 1983-இல் ஆப்பிளின் லிசா கணினியிலும் அடுத்த ஆண்டு மெக்கின்டாஷிலும் வந்த வடிவத்திலிருந்து அடிப்படையில் அதிகம் மாறவில்லை. அதன் பெரிய பலம், அது மென்பொருளின் முழுப் பட்டியலாக இருப்பதுதான். புதிதாக வந்த ஒருவர் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்து, இந்த மென்பொருள் என்னவெல்லாம் செய்யும் என்பதைச் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு கட்டளையும் பெயரோடு இருக்கிறது, அதை நேரே இயக்கும் விசைச்சேர்க்கையான குறுக்குவிசை வலப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே சுட்டியால் செய்துகொண்டிருப்பவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே விசைக்கு மாறிவிடுகிறார். மெக்கின்டாஷில் இந்தப் பட்டை திரையின் மேல் விளிம்பிலேயே ஒட்டியிருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஓர் இலக்கை எட்டும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் காட்டியிருந்தார். விளிம்பில் சுட்டி தானாக நின்றுவிடுவதால், எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் மெனுவைத் தாண்டிப் போக முடியாது.

மெனுவில் இப்போது செய்ய இயலாத கட்டளையை மங்கலாகக் காட்டுவதா, அடியோடு மறைப்பதா என்பதில் குழுக்கள் அடிக்கடி தடுமாறுகின்றன. மங்கலாகக் காட்டுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். ‘பில்லை ரத்து செய்’ என்ற வரி மங்கலாகத் தெரிந்தால், அப்படி ஒரு வசதி இருக்கிறது, ஆனால் இந்தப் பில்லுக்கு இப்போது பொருந்தாது என்று பயனர் புரிந்துகொள்கிறார். அதை மறைத்துவிட்டால், நேற்று இருந்தது இன்று எங்கே போயிற்று என்று எல்லா மெனுக்களையும் துழாவி, கடைசியில் தொலைபேசியில் அழைக்கிறார். ஏன் மங்கலாக இருக்கிறது என்பதை, சுட்டியை அதன்மேல் நிறுத்தும்போது ஒரு வரியில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அந்தப் பயனருக்கு உரிமையே இல்லாத கட்டளைகளை, எடுத்துக்காட்டாகக் காசாளருக்கு மேலாளரின் கட்டளைகளை, மறைப்பதில் தவறில்லை, ஏனெனில் அவை அவருக்கு எந்த நாளும் கிடைக்கப்போவதில்லை.

மெனுவின் வரம்பு எது என்பதை மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் வரலாறே நன்றாகக் காட்டுகிறது. இரண்டே கருவிப்பட்டைகளோடு தொடங்கிய வேர்டு, 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் 31 கருவிப்பட்டைகளும் 19 பக்கப் பலகங்களும் கொண்டதாக வளர்ந்திருந்தது. இடையில், ஆபிஸ் 2000-இல் இந்தப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தத் தானாகச் சுருங்கும் மெனுக்களைக் கொண்டுவந்தார்கள். அடிக்கடி பயன்படுத்தும் வரிகள் மட்டும் முதலில் தெரியும். கீழே உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் மற்றவை விரியும். கேட்க நியாயமாக இருந்த இந்த ஏற்பாடு, மெனுவின் மற்றொரு பெரிய சொத்தான இடம் மாறாத தன்மையைப் பறித்துவிட்டது. நான்காவது வரி என்று கைக்குப் பழகிய கட்டளை ஒரு வாரம் கழித்து ஏழாவது வரியாக இருந்தது, சில நாள் பயன்படுத்தாதது காணாமலே போனது. 2007-இல் ரிப்பன் வந்த செயலிகளில் இந்த முறையும் கைவிடப்பட்டது. பயனரின் பழக்கத்தைக் கணித்துப் பொத்தான்களை இடம் மாற்றும் யோசனை இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரில் மறுபடியும் வருகிறது. அதை முன்வைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஆபிஸ் 2000-இன் கதையைத்தான்.

கருவிப்பட்டையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அவற்றில் முதன்மையானது பெயர் எழுதுவது. ஆபிஸ் முகப்புக் குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ், மின்னஞ்சல் செயலியான அவுட்லுக்கின் கதை ஒன்றை விரிவாக எழுதியிருக்கிறார். அவுட்லுக்கின் தொடக்கப் பதிப்புகளில் சாதாரணப் பயனர்கள் கருவிப்பட்டையைத் தொடவே இல்லை. படங்களை மாற்றி வரைந்து பார்த்தார்கள், வரிசையை மாற்றினார்கள், எந்த மெனுவின் கட்டளையோ அந்த மெனுவுக்கு நேர் கீழே பொத்தானை வைத்தும் பார்த்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. முக்கியமான பொத்தான்களின் அருகே பெயரை எழுதியதும் நிலைமை தலைகீழாக மாறியது. இவ்வளவு தெளிவான பாடத்தைக் கற்ற நிறுவனமே 2021-இல் விண்டோஸ் 11-இன் வலச்சொடுக்கு மெனுவில் வெட்டு, நகல், ஒட்டு ஆகியவற்றைப் பெயரற்ற சிறு படங்களாக மாற்றியது. பின்னர் 24எச்2 பதிப்பில் அந்தப் படங்களின் கீழே பெயர்களைச் சேர்த்தது. பெயரில்லாமல் எல்லோருக்கும் புரியும் படங்கள் மிகச் சிலவே: அச்சுப்பொறி, பூதக்கண்ணாடி, குப்பைத்தொட்டி, பின்னோக்கிய அம்பு. ‘வரித்தாக்கல்’ என்பதற்கோ ‘இருப்பைச் சரிபார்’ என்பதற்கோ படம் வரைய ஒருவர் பல நாள் செலவிடுவதைவிட, அந்தச் சொல்லையே பொத்தானில் எழுதிவிடுவது நேர்மையானது.

எத்தனை பொத்தான்கள் வைக்கலாம் என்பதற்கும் ஆபிஸிலிருந்தே ஒரு தரவு கிடைக்கிறது. வேர்டு 2003-இல் ஒட்டு, சேமி, நகலெடு, செயல்தவிர், தடித்த எழுத்து என்ற ஐந்து கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 32 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. ஒட்டுவது மட்டுமே 11 விழுக்காட்டுக்கு மேல். இந்த ஒட்டுக் கட்டளையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். இதைக் குறுக்குவிசையால் செய்பவர்கள் ஏராளம். அவர்களை விட்டுவிட்டுச் சுட்டியின் சொடுக்குகளை மட்டும் எண்ணியபோதும் கருவிப்பட்டையில் மிக அதிகம் அழுத்தப்பட்ட பொத்தான் அதுவாகவே இருந்தது. குறுக்குவிசை இருக்கிறதே, பொத்தான் எதற்கு என்று வாதிடுபவர்களுக்கு இதுவே பதில். ரிப்பனை வடிவமைத்தபோது முதல் தாவலின் இடக்கோடியில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொத்தானாக ஒட்டு அமர்ந்ததற்குக் காரணமும் இதுதான். பழைய கருவிப்பட்டைகளின் இன்னொரு தொல்லை, அவற்றைப் பிடித்து இழுக்க முடிந்தது. கை தவறி இழுத்து, பட்டை திரையின் நடுவில் மிதக்க, அதைத் திருப்பி வைக்கத் தெரியாமல் அப்படியே வேலை செய்தவர்கள் அந்நாளைய அலுவலகங்களில் பலர். இன்று எழுதும் மென்பொருளில் பட்டையைப் பூட்டியே வையுங்கள். மாற்றியமைக்க விரும்புபவருக்கு அமைப்புகளில் ஒரு பக்கம் போதும்.

ரிப்பனுக்கு வருவோம். 2007-இல் அது வந்தபோது எழுந்த எதிர்ப்பில் பெரும்பகுதி பழக்கம் கெட்டதால் வந்தது. வடிவமைப்பின் குறையாக அதை எண்ணிக்கொள்ள முடியாது. அதில் உண்மையான சாதனைகள் உண்டு. ஓர் அட்டவணைக்குள் சொடுக்கினால் அட்டவணைக்குரிய தாவல் தோன்றுகிறது, வெளியே வந்தால் மறைகிறது. நூற்றுக்கணக்கான கட்டளைகளில் இப்போது பொருந்துபவை மட்டும் கண்முன் வருகின்றன, ஆனாலும் அடிப்படைத் தாவல்கள் இடம் மாறுவதில்லை. எழுத்துருவின்மேல் சுட்டியை வைத்தாலே ஆவணத்தில் அதன் விளைவு தெரிகிறது. பெரிய பொத்தான்களில் பெயர் இருக்கிறது. விளைவைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலைகளுக்கு, அதாவது வரைபடம், அட்டவணை, பக்க அமைப்பு போன்றவற்றுக்கு, மெனு ஒருபோதும் இந்த அளவுக்கு உதவ முடியாது.

அதன் விலை வேறு இடத்தில் இருக்கிறது. செருகு தாவலில் படம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருப்பவர் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க வேண்டுமென்றால், முகப்புத் தாவலுக்கு மாற ஒரு சொடுக்கு, பொத்தானுக்கு ஒரு சொடுக்கு. பழைய கருவிப்பட்டையில் இது ஒரே சொடுக்காக இருந்தது. தேர்ந்தெடுத்த சொல்லின் அருகே மிதந்து வரும் சிறு பட்டையும், சாளரத்தின் உச்சியில் உள்ள விரைவுப் பட்டையும் இந்தக் குறையை ஈடுகட்டவே தேவைப்பட்டன. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட மடிக்கணினித் திரைகளில் செங்குத்து இடம் எப்போதுமே தட்டுப்பாடு. ரிப்பன் உண்பது அந்த இடத்தைத்தான். இதைவிடப் பெரிய பாடம் 2007-இன் வட்டமான ஆபிஸ் பொத்தான். கோப்பு மெனுவை நீக்கிவிட்டு, திறப்பது, சேமிப்பது, அச்சிடுவது எல்லாவற்றையும் ஆபிஸின் சின்னம் பொறித்த அந்த வட்டத்துக்குள் வைத்தார்கள். அது அலங்காரச் சின்னம் என்று நினைத்து, அதை அழுத்தலாம் என்பதே தெரியாமல், அச்சிடும் வழியைத் தேடியவர்கள் எண்ணற்றோர். ஆபிஸ் 2010-இல் ‘கோப்பு’ என்ற சொல் தாவலாகத் திரும்பி வந்தது.

ரிப்பன் எங்கே பொருந்தாது என்பதற்கு விண்டோஸின் கோப்பு உலாவியே சான்று. 2011-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தரவின்படி, அதில் கட்டளைகளில் 54.5 விழுக்காடு வலச்சொடுக்கு மெனு வழியாகவும், 32.2 விழுக்காடு குறுக்குவிசை வழியாகவும் போயின. மேலே இருந்த பட்டை வழியாக வந்தவை 10.9 விழுக்காடு மட்டுமே. பட்டையில் தவறான கட்டளைகள் இருப்பதே காரணம் என்று முடிவுசெய்து, 2012-இல் விண்டோஸ் 8-இல் ரிப்பனைச் சேர்த்தார்கள். 2021-இல் விண்டோஸ் 11 அதை நீக்கி, ஒற்றை வரிப் பட்டையைக் கொண்டுவந்தது. கோப்பை நகலெடுப்பதும் பெயர் மாற்றுவதும் நீக்குவதும் கோப்பின் மேலேயே நடக்கும் வேலைகள். கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அத்தகைய மென்பொருளுக்கு மேற்பகுதியில் எவ்வளவு அழகான முகப்பு கட்டினாலும் கண் அங்கே போவதற்குக் காரணம் இல்லை. உங்கள் மென்பொருளில் வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதைக் கவனித்த பிறகே மேல்பட்டையைப் பற்றி யோசியுங்கள்.

எதையும் தேர்ந்தெடுக்காமல், எல்லா முறைகளையும் கொடுத்துப் பயனரிடமே விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை எழும். ஆபிஸுக்கு மாற்றான லிப்ரெஆபிஸ் அந்த வழியில் சென்றது. 2017-இல் வந்த 5.3 பதிப்பில் ரிப்பன் போன்ற முகப்பைச் சோதனையாகச் சேர்த்து, 2019-இன் 6.2-இல் தாவல் வடிவத்தை முழுமையாக்கினார்கள். பழைய மெனுவும் கருவிப்பட்டையுமே இயல்பாக நீடித்தன. வெவ்வேறு பழக்கங்களோடு உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு அது மதிக்கத்தக்க முடிவு. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அது தாங்காது. ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு முகப்பிலும் இடம்பார்த்து வைக்க வேண்டும், கையேட்டில் இருக்கும் படம் பாதிப் பேருக்குப் பொருந்தாது, தொலைபேசியில் உதவி கேட்பவரிடம் ‘உங்கள் திரையில் மேலே என்ன தெரிகிறது?’ என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்று கோட்டுப் பொத்தானைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நார்ம் காக்ஸ் 1981-இன் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்த அந்தச் சின்னம், கைப்பேசியின் குறுகிய திரையில் வேறு வழியில்லாததால் பரவியது. கடிகாரம், படம் பார்க்கும் செயலி, கால்குலேட்டர் போன்று பத்துப் பதினைந்து கட்டளைகளே கொண்ட கணினிச் செயலிகளிலும் அது சுத்தமாக இருக்கிறது. லினக்ஸில் ஓடும் க்நோம் பணிச்சூழலின் சிறு செயலிகள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு மேற்பட்ட மென்பொருளில், அகன்ற திரையில் இடம் வெறுமையாகக் கிடக்க, எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஒளித்துவைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கட்டளைத் தேடல் இந்த நான்கில் மிக வேகமானது, பெயர் தெரிந்தவருக்கு மட்டும். நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி நான்கு எழுத்துகளைத் தட்டினால் ஆயிரக்கணக்கான கட்டளைகளில் வேண்டியது வந்து நிற்கிறது, அதன் குறுக்குவிசையும் பக்கத்திலேயே தெரிகிறது. நிரலாளர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை, அவர்களின் கை எப்போதும் விசைப்பலகையில் இருக்கிறது. ஆனால் தேடல் பெட்டி எதையும் அறிமுகப்படுத்துவதில்லை. ஒரு வசதி இருப்பதே தெரியாதவர் அதைத் தேடப்போவதில்லை. இந்தக் குறையை நான் பார்த்தவற்றுள் மிக நேர்த்தியாகக் கையாண்டது 2007-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5-இல் வந்த உதவி மெனுத் தேடல். அதில் பெயரைத் தட்டச்சு செய்து முடிவின்மேல் நின்றால், உரிய மெனு தானாகத் திறந்து, கட்டளை இருக்கும் வரியை ஓர் அம்பு அசைந்தபடி சுட்டிக்காட்டும். அடுத்த முறை அவர் தேட வேண்டியதில்லை. 2012-இல் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 12.04 பதிப்பு கொண்டுவந்த தேடலும் இதே வேலையைச் செய்தது, ஆனால் கட்டளையின் இடத்தை இப்படித் திறந்து காட்டவில்லை. தேடலைச் சேர்ப்பதானால் மேக்கின் வழியைப் பின்பற்றுங்கள் என்பேன்.

முகப்பு தமிழில் வரப்போகிறதென்றால் இந்த ஒப்பீட்டில் மெனுவின் பக்கம் தட்டு இன்னும் தாழ்கிறது. தமிழில் வினைச்சொற்கள் சிறியவைதாம். சேமி, வெட்டு, ஒட்டு எல்லாம் எந்தப் பொத்தானிலும் அடங்கும். பெயர்ச்சொற்கள் கூடும்போதுதான் நீளம் ஏறுகிறது: அச்சு முன்தோற்றம், நிலுவைத்தொகை அறிக்கை, கொள்முதல் திருப்பம். ரிப்பனில் சாளரம் குறுகக் குறுக, பெரிய பொத்தான்கள் சிறியவையாகி, பிறகு பெயர் உதிர்ந்து படமாகி, கடைசியில் ஒரு குழுவே ஒற்றைப் பொத்தானுக்குள் மடங்கிவிடும். நீண்ட பெயர்கள் இருந்தால் இந்த மடிப்பு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது, ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. மெனுவில் வரி எவ்வளவு நீண்டாலும் பெட்டி அகலமாகிறது, அவ்வளவுதான். உயரத்தையும் கவனிக்க வேண்டும்: மேலே ஏறும் ‘ஈ’காரக் குறியும் கீழே இறங்கும் ‘ஊ’காரச் சுழியும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பல மென்பொருள்களில் காணலாம்.

விசைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மெனுப் பெயரில் ஓர் எழுத்துக்கு அடிக்கோடிட்டு ஆல்ட் விசையோடு அழுத்தச் சொல்லும் முறை தமிழில் அப்படியே நடக்காது; தமிழ்99 விசைப்பலகையில் ‘கோ’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு விசைகள் தேவை. அதனால்தான் பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. பார்க்க அழகில்லை என்று அதை நீக்கிவிடாதீர்கள். பில் போடுபவர்கள் சுட்டியைத் தொடாமல் வேலை செய்வது அதை நம்பித்தான். தேடல் பெட்டியும் விசைப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் ஏற்க வேண்டும்: ஒட்டு, பேஸ்ட், ஆங்கில எழுத்துகளில் அடித்தது, மூன்றுக்கும் ஒரே கட்டளை வர வேண்டும்.

தொடுதிரை உள்ள கணினிகளிலும் மென்பொருள் ஓடுமானால் பொத்தானின் அளவு தனிக் கவனம் பெற வேண்டும். ஆப்பிள் 44 புள்ளிகளையும், கூகுள் 48 அலகுகளையும் தொடுபரப்பின் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கின்றன. 2023 அக்டோபரில் வந்த வலை அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு, 24 புள்ளிகளுக்குக் குறையாத இலக்கையோ அதற்கு ஈடான இடைவெளியையோ கேட்கிறது. கை நடுக்கம் உள்ளவருக்கும் முதியவருக்கும் இது வசதி என்பதைத் தாண்டி, வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது. ‘சேமி’யை ஒட்டி ‘நீக்கு’வை வைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது, இடையில் ஒரு பொத்தான் அளவுக்காவது வெற்றிடம் விடுங்கள்.

மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ கல்லாவில் ஓடும் பில் மென்பொருளை எடுத்துக்கொண்டால், மெனுப்பட்டை, பெயரும் செயல்விசை எண்ணும் எழுதிய ஏழெட்டுப் பொத்தான்கள், இவ்வளவே போதும். எதிரே வரிசை நிற்கும்போது தாவல் மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. பக்க வடிவமைப்பு, வரைபடம், சொற்செயலி ஆகியவற்றில் கட்டளைகள் சில நூறுகளைத் தாண்டி, பெரும்பாலானவை தேர்ந்தெடுத்த பொருளைப் பொறுத்து மாறுமானால் ரிப்பனைக் கட்டத் துணியலாம், அதை வடிவமைக்கவும் தொடர்ந்து பராமரிக்கவும் ஆள் இருந்தால் மட்டும். நிரலாளருக்கான கருவியில் தேடலை முதலிடத்தில் வைத்து மெனுவைத் துணைக்கு வைக்கலாம். ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் பயனில் இருக்கும் மென்பொருளின் முகப்பை மாற்றுவதானால், பழைய மெனுவை முழுவதுமாக நீக்காமல் ஓரிரு பதிப்புகளுக்காவது கூடவே வைத்திருங்கள். மாற்றத்துக்கு முன்பே, ஒப்புதல் பெற்ற சில கடைகளிலிருந்து எந்தக் கட்டளை எந்த வழியாக எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்ற எண்ணிக்கையைச் சேகரித்துக்கொண்டால், எந்த ஏழு பொத்தான்களை வெளியே வைப்பது என்ற வாக்குவாதம் கூட்டத்தில் நடக்காது.